ஆங்கில இலக்கியத்தோடு உளவியலும் பயிலலாமா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பெற்றோர் பலர் பங்கு இல்லத்துக்கு வருவதுண்டு. பொறியியலா, செவிலியர் படிப்பா, விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பப் பட்டயமா என்பவையே பெரும்பாலும் அவர்கள் கொண்டுவரும் வினாக்கள். அண்மை ஆண்டுகளில் புதிய வினா ஒன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. "சாமி, பிள்ளை இங்கிலீஷ் இலக்கியம் படிக்கணும்ங்குது. கூடவே சைக்காலஜியும் படிக்கணுமாம். ரெண்டையும் ஒண்ணாப் படிக்க முடியுமா? படிச்சா சோறு போடுமா?"

முடியுமா என்பது சட்டத்தையும் கல்லூரி விதிகளையும் சார்ந்தது. அதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், இவ்விரண்டையும் சேர்த்துப் பயில விரும்புவதில் பொருள் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆங்கில இலக்கியம் என்பது எவரோ எழுதிய கதைகளை மூன்றாண்டு மனப்பாடம் செய்வது என்றும், உளவியல் என்பது பைத்தியத்துக்கு வைத்தியம் என்றும் நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவோருக்கு, ஒட்டாத இரு பொருள்களைப் பிள்ளை முடிச்சுப் போடுவதாகவே தோன்றும். உண்மையில் இவ்விரண்டும் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள்.

இரண்டும் கல்லூரிப் பாடங்களாக ஏறக்குறைய ஒரே காலத்தவை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். இந்தியாவில் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமும், 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1943இல் நம் சென்னைப் பல்கலைக்கழகமும் உளவியலுக்குத் துறை கண்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனித் தேர்வுத் திட்டம் உருவானதோ 1917இல்தான். ஷேக்ஸ்பியரைப் பெற்ற நாட்டிலேயே அப்பாடம் அத்துணை இளமையானது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இந்த உறவு தமிழருக்கு அதைவிட மிகப் பழமையானது. தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்தார். உள்ளத்தில் எழுவது உடம்பில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே அதன் பொருள். சிரிப்பு, அழுகை, அச்சம், சினம், மகிழ்ச்சி முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் எந்நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அவர் எண்ணிக் காட்டுகிறார். அழுகைக்கு அவர் தரும் காரணங்களைப் பாருங்கள்: இழிவுபடுத்தப்படுதல், உரியதை இழத்தல், இருந்த நிலையினின்று தாழ்தல், வறுமை. கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு பங்குப் பணி செய்த எவரும் இந்நான்கையும் நேரில் கண்டிருப்பர். கவிதை இலக்கணம் எழுதப் புகுந்தவர் மனத்தின் இலக்கணத்தையும் எழுத வேண்டியதாயிற்று.

மேலை நாட்டில் இவ்விரு துறைகளையும் வகுப்பறையிலேயே ஒன்றாக்கிக் காட்டியவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். கேம்பிரிட்ஜில் அவர் பட்டம் பெற்றது இலக்கியத்தில் அன்று. தத்துவமும் உளவியலும் அடங்கிய ஒழுக்கவியல் பிரிவில். பின்னர் அங்கேயே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி, விந்தையான சோதனை ஒன்றைச் செய்தார். ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவர் கையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மனத்தில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். பெரும் புலவர் கவிதையை மாணவர் குப்பை என்று ஒதுக்கினர். சாதாரணச் செய்யுளை வானளாவப் புகழ்ந்தனர். ரிச்சர்ட்ஸ் அவர்களை ஏளனம் செய்யவில்லை. அவர்கள் ஏன் அவ்வாறு பிறழ்ந்தனர் என்பதையே ஆராய்ந்தார். ஒருவர் தம் பழைய நினைவைக் கவிதைக்குள் நுழைத்துவிடுகிறார். இன்னொருவர் "தாய்" என்ற சொல்லைக் கண்டதுமே பழகிய கண்ணீரை வடிக்கிறார். வேறொருவர் தம் கொள்கைக்கு ஒவ்வாத கருத்து வந்ததும் காதைப் பொத்திக்கொள்கிறார். இவற்றைத் தொகுத்து 1929இல் வெளியிட்ட நூலே ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இன்றும் நடைபெறும் செய்முறைத் திறனாய்வுக்கு வித்து. (மறையுரை ஆற்றுவோரும் அந்நூலைப் படிப்பது நல்லது. நாம் சொல்வது ஒன்று, மக்கள் கேட்டுக்கொண்டு வீடு செல்வது ஒன்று.)

அச்சோதனையில் ரிச்சர்ட்ஸ் பயன்படுத்திய 13 கவிதைகளுள் ஒன்று இயேசு சபைக் குரு ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் எழுதியது. அவர் வாழ்வையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1884இல் அவர் டப்ளின் நகருக்குக் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். பிறந்த நாட்டைப் பிரிந்த தனிமை. கண் பார்வைத் தொல்லை. நூற்றுக்கணக்கான தேர்வுத் தாள்களைத் திருத்தும் சலிப்பு. தொடங்கிய எதையும் முடிக்க இயலாத தளர்ச்சி. இவற்றை நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவரே கூறுகிறார். 1885 அளவில் அவர் எழுதிய சில பதினான்கடிக் கவிதைகள், கடவுளிடம் முறையிட்டும் மறுமொழி கேளாத ஓர் உள்ளத்தின் ஓலம். 1889இல் தம் 44ஆம் வயதில் குடற்காய்ச்சலால் அவர் இறந்தார். கவிதைகள் நூலாக வெளிவந்ததோ 1918இல்.

உளவியல் மட்டும் படித்த மாணவர் அக்கடிதங்களைப் பார்த்தால் "மனச்சோர்வு நோய்" என்று உடனே பெயரிட்டுவிடுவார். அது முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஆயினும் இறந்தவரை எவரும் சோதித்தறிய இயலாது. பெயரிட்டதோடு அம்மனிதர் புரிந்துவிட்டார் என்பதும் இல்லை. இலக்கியம் மட்டும் படித்தவரோ அக்கவிதைகளின் ஓசையையும் சொற்செறிவையும் வியந்து நிற்பார். அவற்றை எழுதியவருக்கு உறக்கமும் ஓய்வும் உற்ற துணையும் தேவைப்பட்டன என்பதை மறந்துவிடுவார். இரண்டையும் கற்றவருக்கு ஒரு செய்தி கண்ணில் படும். அத்துணைக் குலைவிலும் அம்மனிதர் பதினான்கு அடிக் கட்டுக்கோப்பைக் குலையவிடவில்லை. அது நோயின் அடையாளமா, நோயை எதிர்த்து நின்றதன் அடையாளமா? இத்தகைய வினாவை எழுப்பத் தெரிவதே இவ்விரு படிப்பும் சேர்வதால் வரும் ஆதாயம் என்பேன்.

இலக்கிய மாணவர் உளவியலிடம் கற்க வேண்டிய பணிவும் ஒன்றுண்டு. நல்ல புதினங்களைப் படித்தால் பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றல் வளரும் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். 2013இல் டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ என்னும் இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, இலக்கியத் தரமுள்ள கதைப் பகுதியைப் படித்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்து உணர்ச்சியைச் சரியாகச் சொன்னார்கள் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினர். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் மகிழ்ந்தனர். 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அப்பயன் தென்படவில்லை. வாழ்நாள் முழுதும் வாசிப்பவர்கள் அச்சோதனையில் சிறந்து விளங்கினர் என்பது மட்டும் தெரிந்தது. வாசிப்பு அவர்களை அப்படி ஆக்கிற்றா, அப்படிப்பட்டவர்கள்தாம் வாசிப்பை நாடுகின்றனரா என்பதை அது சொல்லாது. தனக்கு மிகப் பிடித்த நம்பிக்கையையும் தராசில் வைக்கும் பழக்கத்தை இலக்கிய வகுப்பு அவ்வளவாகக் கற்பிப்பதில்லை.

எண்ணிக்கையின் பயனை நம் மாவட்டமே கண்டிருக்கிறது. 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒஃபீலியா நீரில் மாண்டதைப் படிக்கும் நாம், ஏன் என்று கேட்கிறோம். காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சாகுபடி செய்யும் சிற்றூர்களில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொரு வினாவைக் கேட்டனர்: துயர் மிகுந்த அந்தச் சில நிமிடங்களில் நஞ்சு கைக்கெட்டும் தொலைவில் இல்லாதிருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஊர்களில் பொதுக் கிடங்கு கட்டி, உழவர்கள் பூச்சிமருந்தைப் பூட்டிய பெட்டிகளில் அங்கே வைக்கச் செய்தனர். வேறு இரண்டு ஊர்களை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டனர். கிடங்கு அமைந்த ஊர்களில் சாவுகள் குறைந்தன என்று 2013இல் அறிக்கை வெளியாயிற்று. சிறிய முன்னோட்ட ஆய்வுதான். எனினும் வெள்ளாற்றுப் பக்கத்து வீடுகளில் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் மருந்துப் புட்டி செருகியிருப்பதைக் கண்டவர்கள் இதன் மதிப்பை அறிவர். ஒருவரின் கதையை எத்தனை முறை படித்தாலும் இந்தப் பெட்டியும் பூட்டும் தோன்றியிரா. பல ஊர்களின் கணக்கைப் பார்த்ததால் தோன்றின.

இதன் மறுபக்கமும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. லெனோர் ராட்லாஃப் என்னும் அமெரிக்க உளவியலார் 1977இல் மனச்சோர்வை அளக்க 20 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். உலகின் பல நாடுகளில் அது இன்றும் பயன்படுகிறது. அதில் ஒரு கூற்று, துயரத்தை நீல நிறமாகச் சொல்லும் ஆங்கில வழக்கில் அமைந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, "உங்களால் நீலத்தை உதற முடியவில்லையா?" என்று நம் மணிலாக் கொல்லையில் களையெடுக்கும் பெண்ணிடம் கேட்டால், அவள் கேட்டவரை ஐயத்தோடு பார்ப்பாள்! அவளுக்கும் அந்தத் துயரம் உண்டு. "எதுலயும் ஒரு பிடிப்பில்ல சாமி" என்பாள். "உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடங்குது" என்பாள். "யாரோ செஞ்சு வெச்சிட்டாங்க" என்றும் சொல்லலாம். இவற்றுள் எது களைப்பு, எது நோய், எது கணவன் குடித்துவிட்டு அடித்ததை வாய்விட்டுச் சொல்ல இயலாமல் சுற்றி வளைத்துச் சொல்வது என்று பிரித்தறிய வினாத்தாள் மட்டும் போதாது. சொல்லின் மடிப்புகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் இலக்கிய வகுப்பில்தான் வரும். அது ஆங்கில இலக்கியமாக இருந்தாலும் வரும்.

பாடநூல் ஆங்கிலத்தில், வகுப்பு ஆங்கிலத்தில், துயரம் தமிழில் என்பதே நம் நாட்டு உளவியல் மாணவரின் நிலை. ஆங்கிலத்தின் நுட்பமும் உளவியலின் அளவுகோலும் கருவேப்பிலங்குறிச்சிக் கடைத்தெருவின் தமிழும் ஒரே ஆளிடம் இருந்தால், அந்த வினாத்தாளைச் செம்மையாகப் பெயர்க்கும் தகுதி அவருக்கு இருக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் வேலை செய்யும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூளையின் வெப்பத்தைக் கருவி காட்டும். மண் பதமாயிற்றா என்பதைப் பிசைந்த கைதான் சொல்லும்.

"உளவியல் படித்தால் பிள்ளை கோயிலுக்கு வருவதை விட்டுவிடுமோ?" என்று கேட்கும் தாய்மாரும் உண்டு. ஃபிராய்டு சமயத்தை மாயத் தோற்றம் என்று 1927இல் எழுதியது உண்மைதான். ஆனால் உளவியல் ஃபிராய்டோடு முடிந்துவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 62ஆம் எண்ணைப் பாருங்கள். மேய்ப்புப் பணியில் உளவியலின் முடிவுகளைப் போதிய அளவு பயன்படுத்த வேண்டும் என்று கூறும் அதே எண், இலக்கியமும் கலைகளும் திருச்சபையின் வாழ்வுக்கு முதன்மையானவை என்றும் கூறுகிறது. இரண்டும் ஒரே எண்ணில் அடுத்தடுத்து வருகின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், இளம் இயேசு சபைத் துறவியாக 1964, 1965 ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரப் பள்ளியில் கற்பித்த பாடங்கள் எவை தெரியுமா? இலக்கியமும் உளவியலும்! மாணவர்கள் பாடத்திட்டத்திலிருந்த பழங்காவியத்தை விரும்பாமல் தம் காலக் கவிஞர் லோர்காவைக் கேட்டபோது, காவியத்தை வீட்டில் படியுங்கள் என்று சொல்லி, வகுப்பில் அவர்கள் விரும்பியதையே நடத்தியதாக அவர் 2024 ஜூலையில் எழுதிய மடலில் நினைவுகூர்கிறார். குருமாணவர்கள் புதினங்களும் கவிதைகளும் படிக்க வேண்டும் என்பதே அம்மடலின் பொருள்.

இனி, முடியுமா என்ற வினாவுக்கு வருவோம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளங்கலை என்பது பெரும்பாலும் ஒரே முதன்மைப் பாடமும், அதற்கு இசைந்த துணைப்பாடங்களும் கொண்டது. விருத்தாசலம் அரசு கலைக்கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தால் துணைப்பாடங்களும் ஆங்கிலேய வரலாற்றையும் இலக்கிய வகைகளையும் சுற்றியே அமையும். உளவியல் பட்டம் பெரும்பாலும் பெருநகரக் கல்லூரிகளில்தான் கிடைக்கும். கர்நாடகத்தில் வழக்கம் வேறு. மூன்று பாடங்களைச் சம எடையோடு பயிலும் முறை அங்கு நெடுங்காலமாக உண்டு. அமலமரியின் கார்மேல் சபைக் குருக்கள் 1969இல் பெங்களூரில் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிறிஸ்து நிறுவனத்தில், ஆங்கிலம், உளவியல், தொடர்பியல் மூன்றையும் இணைத்த இளங்கலைப் பட்டம் இளைஞரிடையே பெயர் பெற்றது. ஆனால் அங்குள்ள கட்டணமும் விடுதிச் செலவும் முந்திரித்தோப்புக் குத்தகைக்காரருக்கு எட்டுவனவல்ல.

எளியவர்களுக்கு ஒரு வழி சில காலம் திறந்திருந்தது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்தில் இரு பட்டப் படிப்புகள் பயிலலாம் என்று அறிவித்தது. ஒன்றைக் கல்லூரிக்குச் சென்றும் மற்றொன்றை அஞ்சல் வழியிலும் படிக்கலாம். பகலில் விருத்தாசலத்தில் ஆங்கிலம், இரவில் வீட்டில் உளவியல் என்று அந்நாளில் கணக்கிட்டவர்கள் உண்டு. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. உடல்நலத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டு மையச் சட்டத்தில் உளவியலும் அடங்குவதால், 2025 ஜூலை - ஆகஸ்டு பருவத்திலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ புதிதாக எவருக்கும் கற்பிக்கலாகாது என்று மானியக் குழு ஆணையிட்டது. பல பாடங்கள் அடங்கிய அஞ்சல் வழி இளங்கலையில் உளவியல் ஒரு பிரிவாக இருந்தால் அப்பிரிவு மட்டும் நீங்கும், ஆங்கிலம் நிற்கும். இந்த ஆணையில் நியாயம் இல்லாமல் இல்லை. மனிதரை நேரில் காணாமல் மனநலப் பயிற்சி பெற்றுவிட முடியாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை நினைத்தால், இத்துறையில் தகுதியற்றோர் கை வைப்பதன் கொடுமை விளங்கும். ஆயினும் நகருக்குச் செல்ல வசதியற்ற சிற்றூர்ப் பிள்ளைக்கு மாற்று வழி காட்டாமல் கதவை மூடியது எனக்கு வருத்தமே.

எஞ்சியிருக்கும் வழி, ஆங்கிலத்தில் இளங்கலை முடித்து, பின் உளவியலில் முதுகலை சேர்வது. நமக்கு அருகில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் உளவியலுக்கும் துறைகள் உள்ளன. பிற பாடப் பட்டதாரிகளை உளவியல் முதுகலையில் சேர்ப்பது பற்றி நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுபடும். அதை இளங்கலை முதலாண்டிலேயே விசாரித்து வைப்பது நன்று. இவ்வாறு ஐந்தாண்டு படித்த பின்னும், நோயாளிக்கு மருத்துவ உளவியலராகச் சிகிச்சை அளிக்கும் உரிமை தானே வந்துவிடாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு "ஆற்றுப்படுத்துநர்" என்று பெயர்ப்பலகை மாட்டுவோரிடம் பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். பிரச்சினைகளையும் கொண்டு செல்லாதீர்கள். அவசரமாயின் 14416 என்னும் மைய அரசின் தொலைபேசி எண் உண்டு. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மாணவர்க்கும் இரண்டு செய்திகள். உளவியலில் புள்ளியியல் உண்டு. கணக்குக்கு அஞ்சி இலக்கியத்துக்கு வந்தவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும். தமிழ்வழியில் பயின்று வந்தவர்களுக்கு முதல் இரு பருவங்களில் ஆங்கிலப் பாடநூல் கருங்கல்லாக இருக்கும். மூன்றாம் பருவத்தில் சிறிது இளகும். விடுமுறைக்கு வீடு வரும்போது பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் நோய்ப் பெயர் சூட்டும் ஆசை மட்டும் வேண்டா. முதலாண்டு உளவியல் மாணவர் அனைவருக்கும் வரும் காய்ச்சல் அது.

கல்லூரியில் பணம் கட்டுமுன் அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள். உளவியலுக்கு நிலையான ஆசிரியர் எத்தனை பேர்? ஆய்வுக்கூடம் உண்டா? இப்பட்டத்தோடு முதுகலையில் எங்கெங்கு சேரலாம்? வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், எழுத்தில் பெற்றுக்கொண்டு வாருங்கள். ஐயமிருப்பின் பங்கு இல்லத்தில் உட்கார்ந்து சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.